ஓடுவதற்கு முன் உறங்க வேண்டும்

போட்டியில் தோற்று வருபவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "ஒழுங்காகப் பயிற்சி செய்தாயா?" என்பதுதான். "நேற்றிரவு எங்கே தூங்கினாய்?" என்று யாரும் கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானில் பரவியதால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோயின. உலகச் சதுரங்கப் பட்டப் போட்டிக்காகப் பல்கேரியாவின் சோபியா நகருக்குச் செல்லவேண்டிய விஸ்வநாதன் ஆனந்த், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் சிக்கிக்கொண்டார். ஏறக்குறைய 40 மணி நேரம் சாலை வழியே பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றார். களைப்புதான் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது; இறுதியில் 6½–5½ என்ற கணக்கில் பட்டத்தைக் காத்துக்கொண்டார். ஆனால் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கே உலகச் சாம்பியன் ஓய்வு கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

அந்த இரு நகரங்களுக்கும் ஒரு மணி நேர வேறுபாடுதான். ஆகவே அது வெறும் பயணக் களைப்பு. நன்றாகத் தூங்கினால் பெரும்பாலும் நீங்கிவிடும். உடல் கடிகாரக் குழப்பம் வேறு. நம் மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்புச் செல்களால் ஆன ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம்தான் அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. உடல் வெப்பநிலை விடியலுக்கு முன் குறைந்தும் மாலையில் மிகுந்தும் இருப்பது இதனால்தான். பலருக்குத் தசைகளின் வலிமையும் மாலையில்தான் மிகுதி.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கிழக்கு மேற்காகப் பறந்தால் கைக்கடிகாரத்தை உடனே மாற்றிவிடலாம். உடல் கடிகாரமோ ஒரு மணி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். 1984இல் ஒலிம்பிக் நடந்த லாஸ் ஏஞ்சல்சுக்கும் நமக்கும் 12½ மணி வேறுபாடு. இரவு பகலாகிவிடுகிறது! அங்கேதான் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். உடல் கடிகாரத்தின் மேல் அந்தப் பழியைப் போடவில்லை. பதக்கத்தை முடிவு செய்யும் இடைவெளி எவ்வளவு சிறியது என்பதற்காகச் சொல்கிறேன்.

"விமானம் ஏறாத நமக்கு இது எதற்கு?" என்கிறீர்களா? விருதுநகரை அடுத்த சூலக்கரையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்தே வந்த மாணவி, காலை ஏழு மணிக்குத் தகுதிச் சுற்றில் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஓட்டப் பாதையில் நிற்பவள் தன் வீட்டில் உறங்கி எழுந்து வந்தவள். ஓடும் தூரம் ஒன்றுதான். ஆனால் போட்டி சமமானதா?

"மனவுறுதி இருந்தால் போதும்" என்பார்கள். மனவுறுதி வலியைத் தாங்க உதவும். இழந்த தூக்கத்தை ஈடுசெய்யாது. ஒரு நாள் முன்னதாக வந்து தங்கச் செலவாகும், உண்மைதான். அது இயலாவிட்டால், தொலைவிலிருந்து வருவோரின் சுற்றைப் பிற்பகலில் வைக்கலாமே! அதற்குப் பெரிய செலவில்லை.

நீங்களும் ஒன்று செய்யலாம். ஓடிய நேரத்தைக் குறிக்கும் நோட்டில், முந்தைய இரவு தூங்கிய நேரத்தையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கணக்கை உங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் காட்டுங்கள்.