குரலைத் தேடுகிறோம், தாளை மறந்துவிடுகிறோம்

காலை வானொலியில் வரும் நற்சிந்தனையை நம்மில் பலர் பெரிதாக எண்ணுவதில்லை. பல் துலக்கும்போது காதில் விழும். பள்ளிப் பேருந்து வந்ததும் மறந்துபோகும். ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஆவணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டனில் 1939 டிசம்பரில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியைக் காட்ட விரும்புகிறேன்.

அதன் பெயர் 'லிஃப்ட் அப் யுவர் ஹார்ட்ஸ்'. உள்ளங்களை உயர்த்துங்கள் என்று பொருள். பிபிசியில் காலை எட்டு மணிச் செய்திக்குச் சற்று முன் ஒலிபரப்பான கிறிஸ்துவச் சிற்றுரை அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்றே மாதங்கள் ஆகியிருந்தன. எட்டு மணிக்கு என்ன செய்தி வருமோ என்று வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்தவர்களுக்கு, அதற்கு முன்னால் கொஞ்சம் தெம்பு. 1965 வரை அந்த நிகழ்ச்சி நீடித்தது. பிறகு 'டென் டு எய்ட்' என்று மாறி, 1970இல் 'தாட் ஃபார் தி டே' ஆனது. இன்றும் ஒலிக்கிறது, இந்து, முஸ்லிம், சீக்கிய சமயத்தவரும் அதில் பேசுகிறார்கள்.

தொடக்க கால உரைகளில் இன்று எது மிஞ்சியிருக்கிறது? ஒலி மிகக் குறைவு. அப்போது பேச்சு பெரும்பாலும் நேரடியாகவே போனது. தட்டில் பதிவு செய்வது செலவு பிடித்த வேலை. நமக்குக் கிடைப்பது இரண்டு வகைத் தாள்கள்.

ஒன்று, நிகழ்ச்சி நிரல். பிபிசியின் 'ரேடியோ டைம்ஸ்' இதழ் 1923 முதல் வாரம்தோறும் நிரலை அச்சிட்டது. அந்தப் பழைய இதழ்களை வருடி, 'பிபிசி ஜீனோம்' என்ற பெயரில் 2014இல் இணையத்தில் வைத்தார்கள். யாரும் தேடலாம். கணினி தவறாகப் படித்த எழுத்துகளை வாசகர்களே திருத்தி அனுப்பவும் வழி உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதழ் முன்கூட்டியே அச்சாகிவிடும். ஆகவே அது சொல்வது என்ன ஒலிபரப்பானது என்பதையல்ல, என்ன ஒலிபரப்பத் திட்டமிட்டார்கள் என்பதைத்தான். ஆய்வு செய்கிறவர்கள் சறுக்கும் இடம் இது.

இன்னொன்று, உரையின் எழுத்துப்படி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போர்க் காலத்தில் யாரும் ஒலிவாங்கி முன் வாய்க்கு வந்ததைப் பேசிவிட முடியாது. எதிரிக்கு உதவும் ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது என்று, உரை முழுவதையும் எழுதித் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். பிபிசியின் இத்தகைய எழுத்துப்படிகள் ரெடிங் நகருக்கு அருகே கேவர்ஷமில் உள்ள அதன் எழுத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாயைக் கட்ட வந்த தணிக்கை, வரலாற்றுக்கு வேலை செய்து கொடுத்துவிட்டது!

நம் மொழியில் இதே வகை நிகழ்ச்சி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது தமிழகத்தின் தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை படித்தவர், அகில இந்திய வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்னவர். 2009இல் காலமானார். அவர் சொன்னவை பல தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றதால் இன்றும் கையில் கிடைக்கின்றன. சிரிக்காமல், அவசரப்படாமல் கதையை இழுத்துவந்து கடைசியில் ஒரு நகைச்சுவையை வைப்பாரே, அது தாளில் வராது என்பது உண்மைதான். ஆனாலும் நூல் இல்லாதிருந்தால் எத்தனை கதைகள் காற்றோடு போயிருக்கும்?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி, பால்மரம் வெட்டப் போகுமுன் கேட்ட வானொலிப் பேச்சு ஒன்றை இன்னமும் சொல்வார். பேசியவர் பெயர் தெரியாது, ஆண்டும் தெரியாது. ஊடகவியல் மாணவியான எனக்கு அதைக் கட்டுரையில் சேர்க்க வழியில்லை. அவர் சொல்வது உண்மை என்று மனம் நம்புகிறது, அடிக்குறிப்பு நம்பாது.

பழைய ஒலிநாடாக்களைத் தேடி மீட்க வேண்டும் என்று நிகழ்ச்சிகளில் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் முதலில் தாளைத் தேடுங்கள் என்பேன் நான். ஒலிநாடா பூஞ்சை பிடித்துக் கெடும். கெடாவிட்டாலும் அதைப் போட்டுக் கேட்கும் கருவி வேண்டும். அறிவிப்பாளர் கையால் எழுதி வைத்த குறிப்பேடு, நேயர் கடிதம், நாளிதழில் வந்த வானொலி நிரல் ஆகியவை ஓய்வு பெற்றவர்களின் அலமாரியில் இன்னும் கிடக்கலாம். வீடு மாறும்போது முதலில் பழைய காகிதக்காரரிடம் போவதும் இவைதான். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனதைப் பார்த்த தலைமுறை நாம். நாளிதழே நிற்கும்போது, நிகழ்ச்சிக் குறிப்பை யார் காப்பாற்றித் தருவார்?

இது பெரியவர்கள் வேலை மட்டுமல்ல. பள்ளிச் சபைகூடலில் 'இன்றைய சிந்தனை' வாசிக்கிறீர்கள். சிலர் நண்பர்களோடு வலையொலி நடத்துகிறீர்கள். வாசித்த தாள் அன்று மாலையே குப்பைத் தொட்டிக்குப் போகிறது. வலையொலியோ, கணக்குக்குச் சந்தா கட்டாவிட்டால் ஒரு நாள் காணாமல் போகலாம். தாளின் மேல் மூலையில் தேதி, பேசியவர் பெயர், கதை எங்கிருந்து எடுத்தது என்று மூன்று வரி எழுதிப் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பில் போட்டு வைக்க இரண்டு நிமிடம் போதும். தமிழ்மொழிக் கழகச் செயலாளர்கள் இந்தத் தவணையிலேயே தொடங்கலாம். கோப்புக்கு ஆகும் செலவு சில வெள்ளிதான்.