யானைவணங்கியும் பட்டன் டயரும்

இந்த வாரம் எனக்கு எரிச்சல் மூட்டியது ஒரு புள்ளி. வாக்கிய முடிவில் வைக்கிற புள்ளி இல்லை. அதை நான் ஒழுங்காக வைப்பதில்லை என்று அச்சுப்பிழை பார்ப்பவர் வருஷக்கணக்கில் புலம்பிக்கொண்டிருக்கிறார். இது எண்களுக்கு நடுவே வருகிற தசமப் புள்ளி.

தங்கை மகனை உங்களுக்குத் தெரியும். லீவுக்கு வந்தால் முறுக்கு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவான் என்று மழைக்காலத்தில் எழுதியிருந்தேன். அந்த மாப்பிள்ளை இப்போது பழைய ரேஞ்சர் சைக்கிள் ஒன்றை யாரிடமோ வாங்கியிருக்கிறான். சேவுகம்பட்டியிலிருந்து தாண்டிக்குடி மலைக்கு மிதித்தே ஏறி, மிதிக்காமலே இறங்குவது திட்டம். பின் டயர் தேய்ந்து வழுக்கையாகக் கிடந்ததால், கடைக்குப் போய் “26 டயர்” என்று கேட்டு ஒன்றை வாங்கிவந்தான். ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மாட்டினோம். ஏறியது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்ட மாதிரி தொளதொளவென்று ஏறியது.

“மாமா, ரிம்மும் 26, டயரும் 26. அப்புறம் எப்படி?”

அப்புறம் எப்படி என்றுதான் நானும் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. 26 கேட்டான், 26 கொடுத்தார். சைக்கிள் உலகத்தில் 26 ஒன்றில்லை, பல உண்டு. அதில் நம்மூர்க் கடையில் தொங்குவது முக்கியமாக இரண்டு. பெண்கள் ஓட்டும் பழைய பாணி சைக்கிளுக்கு 26 × 1 3/8 என்று பின்னத்தில் போட்டிருக்கும். ரேஞ்சருக்கு 26 × 1.95, 26 × 2.1 என்று புள்ளி வைத்துப் போட்டிருக்கும். இந்த 26 அங்குலம் ரிம்மின் அளவே இல்லை. காற்றடித்த டயரின் வெளி விட்டம், அதுவும் உத்தேசமாக. டயர் தடிக்கத் தடிக்க, மொத்தம் 26 வரவேண்டுமென்றால் ரிம் சிறுத்தாக வேண்டும் இல்லையா? ஒல்லி டயர் உட்காரும் ரிம் 590 மில்லிமீட்டர், தடி டயர் உட்காரும் ரிம் 559. நடுவில் 31 மில்லிமீட்டர் ஓட்டை. அந்த ஓட்டையில்தான் பையனின் ஐந்நூறு ரூபாய் விழுந்தது.

இதற்கு ஒரு வழி டயரின் பக்கவாட்டிலேயே, எறும்பு எழுதிய மாதிரி, அச்சாகியிருக்கிறது. 50-559 என்பதுபோல ஒரு ஜோடி எண். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது அது உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்த மூன்றிலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இன்றைய மலைச் சைக்கிள்களில் 27.5 என்றால் 584, 29 என்றால் 622. தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிளின் 28 × 1 1/2 என்பது 635. அதாவது 29ஐவிட 28 பெரிது! கணக்கு வாத்தியார்கள் என்னை மன்னிக்க வேண்டாம், டயர் கம்பெனிக்காரர்களைப் பிடியுங்கள்.

சரி, மலைக்கு வருகிறேன். “எப்படி டயர் போடணும், எப்படி இறங்கணும்னு இந்த வாரம் எழுதுங்களேன் மாமா” என்று கேட்டான். 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்ததே, அந்தக் காணொளிகளைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்தப் பித்து. நானும் படித்துப் பார்த்தேன். இந்த விளையாட்டு பிறந்தது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் டமால்பையஸ் என்ற மலையில். பெயரைக் கவனியுங்கள், டமால். 1970களில் சில இளைஞர்கள், கனத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலையுச்சிக்கு ஏற்றி, மண்பாதையில் உருட்டிவிட்டார்கள். மிதியைப் பின்பக்கம் அழுத்தினால் பிடிக்கிற பிரேக், வீல் குடத்துக்குள்ளே இருக்கும். அடிவாரம் வருவதற்குள் குடத்துக் கிரீஸ் கொதித்துப் புகையாகிவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் புதுக் கிரீஸ் திணிக்க வேண்டும். அதனாலேயே 1976இல் அந்தப் பக்கத்தில் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’, அதாவது மறுபடி திணிப்பது, என்று பெயர் வந்தது. இருபதே வருஷத்தில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக்குக்குள் நுழைந்துவிட்டது. அவர்களுக்கு டமால்பையஸ் என்றால் நமக்கு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வழியில் டம்டம் பாறை இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் எல்லா ஊரிலும் எச்சரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கிரீஸ் கதையில் நமக்கும் பாடம் உண்டு. மலையிறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வரக்கூடாது. ரப்பர் கட்டை ரிம்மை உரசிக்கொண்டே வந்தால் ரிம் சுடும், உள்ளே காற்று விரியும், டியூபில் போட்ட பழைய ஒட்டு இளகும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் போய்ப் பிடிப்பதைவிட வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஆனால் சரளையில் அதை வெடுக்கென்று பிடித்தால் நீங்கள் சைக்கிளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேருவீர்கள். உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதி, அதற்கு வந்த வசவுக் கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது. ஆகவே ஒரே வார்த்தை: போடு. ஏறி வரும் ஜீப்புக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். தாண்டிக்குடிப் பக்கம் காட்டுமாடும் யானையும் நடமாடும் இடம் என்பதால், இருட்டுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும். தார்ச்சாலையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் திரும்புவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். “சும்மா கொஞ்ச தூரம்” என்பது அனுமதி ஆகாது.

டயருக்கு வந்தால், எல்லோருக்கும் பட்டன் டயர் மேல்தான் ஆசை. மேடுமேடாக, டிராக்டர் மாதிரி, பார்க்க வீரமாக இருக்கிறது. ஈர மண்ணிலும் பொடிக் கல்லிலும் அந்தப் பட்டன்கள் நகம் மாதிரி பற்றும், உண்மைதான். ஆனால் நம் பையன்கள் ஓட்டுவது பத்தில் ஒன்பது பங்கு தாரில். தாரில் அது வண்டு மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டு காலைத் தின்னும், ஈரத் தாரின் வளைவில் பிடிமானமும் குறைவு. நடுவில் பட்டன்கள் நெருங்கித் தட்டையாகவும், ஓரத்தில் மட்டும் உயரமாகவும் இருக்கிற டயர் இந்தப் பக்கத்துக்குப் போதும். அகலமும் பிடிப்பும் கூடுதலாக இருப்பது முன் சக்கரத்தில் இருக்கட்டும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் பல்லைத் தேட வேண்டும். காற்று, மண்ணில் முப்பது பவுண்டுக்குப் பக்கம், தாரில் நாற்பதுக்கு மேல், ஆளின் எடைக்குத் தக்க. டயரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. ரொம்பக் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழும். இதற்கு உலகம் முழுக்கப் பெயர் பாம்புக்கடி.

இப்படியெல்லாம் குறிப்பு எடுத்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை விடியலில் பையனை வழியனுப்பினேன். டயரை மாற்றி வாங்கி, புதுப் பட்டன் டயரோடு போனான். எட்டு மணிக்குப் போன் வந்தது. தாண்டிக்குடியிலிருந்து இல்லை. பட்டிவீரன்பட்டிகூடத் தாண்டவில்லை. குறுக்கு வழி என்று கண்மாய்க் கரையில் விட்டிருக்கிறான். இரண்டு சக்கரமும் சப்பை.

பஞ்சர் கடைக்காரர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டார். பதினொன்று. “பட்டன் பட்டனா இருந்தா முள்ளு பயந்து ஓடிருமா சார்? ரெண்டு பட்டனுக்கு நடுவுல பூராம் மெலிசுதான?” சீமைக்கருவேல முள் ஒன்றுகூட இல்லை. அதுவாவது விரல் நீளம் இருக்கும், கண்ணுள்ளவன் விலகிப் போகலாம். பதினொன்றும் நெருஞ்சி.

வழக்கம்போல குறுந்தொகைக்குப் போகப்போகிறான் என்று முணுமுணுப்பவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். உபயோகமான சங்கதி அங்கே இருக்கிறது.

குறுந்தொகை 202, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. உ.வே.சா. 1937இல் பதிப்பித்த புத்தகத்தின் மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டை எப்போதோ போய்விட்டது, அந்தப் பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. பரத்தையிடம் போன கணவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவனுக்காகப் பேச வந்த தோழியிடம் மனைவி சொல்கிறாள்: நெஞ்சு நோகிறது. பார்க்க இனிதாக இருந்த நெருஞ்சிப் பூ பிறகு முள்ளைத் தந்தது போல, இனியவராக இருந்தவர் இன்னாதவர் ஆகிவிட்டார். கதவு திறக்காது.

இதை நாற்பது வருஷமாகப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகர டப்பாவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ரோஜாவுக்கு முள் காம்பில், எலுமிச்சைக்குக் கிளையில். பூ வேறு, முள் வேறு. நெருஞ்சியில் அப்படி இல்லை. ஐந்து இதழ் மஞ்சள் பூ உதிர்ந்ததும் அதே இடத்தில் காய் பிடிக்கிறது. காய் காய்ந்து ஐந்து துண்டாக உடைகிறது. ஒவ்வொரு துண்டிலும் கொம்பு மாதிரி இரண்டு பெரிய முள். எப்படிப் புரண்டாலும் ஒரு கொம்பு மேலே பார்க்கும். பூவேதான் முள்ளாகிறது. அவள் “உள்ளே முள் இருந்தது, எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லவில்லை. இனித்ததும் இந்த ஆள், குத்துவதும் இந்த ஆள் என்கிறாள். ரோஜா முள்ளைச் சொல்லியிருந்தால் தோழி ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். நெருஞ்சிக்கு அவளால் என்ன பதில் சொல்ல முடியும்?

இதே தொகையில் 315ஆம் பாட்டு, சூரியன் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும் நெருஞ்சிப் பூவைக் காதலுக்கு உவமையாக்குகிறது. ஒரே செடி, ஒரு பாட்டில் விசுவாசம், இன்னொன்றில் துரோகம். வள்ளுவர் 1120ஆம் குறளில், அனிச்சமும் அன்னத்தின் இறகும்கூடக் காதலியின் பாதத்துக்கு நெருஞ்சிதான் என்கிறார். அங்கே அவர் போட்ட சொல் முள் இல்லை, பழம். தாவரவியல் பேராசிரியர்கள் திருத்த இடமே வைக்கவில்லை. வைத்தியர்கள் நீர்க்கடுப்புக்கு இதைக் கஷாயம் வைக்கிறார்கள். யானைவணங்கி என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. குத்தினால் யானையும் குனிந்துதான் ஆக வேண்டும். அந்தப் பெயரை வைத்தவர் யானையைப் பார்த்திருக்கிறார், நெருஞ்சியையும் மிதித்திருக்கிறார்.

இந்தச் சரக்கு அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. அங்கே இதற்குப் பெயர் ஆட்டுத்தலை, அந்த இரண்டு கொம்புக்காக. மேற்கு மாநிலங்களின் சைக்கிள்காரர்களுக்கு இதுதான் முதல் எதிரி. 1961இல் இதைத் தின்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். வண்டு தின்றது, செடி முளைத்தது. ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரத்தில் சைக்கிள் ஓட்டிகள் கோடையில் மூட்டை மூட்டையாக இதைப் பிடுங்கிவிட்டு, இதன் பெயரிலேயே ஒரு திருவிழாவும் நடத்துகிறார்கள். தை மாதம் பெருமாளுக்கு வாழைப்பழம் சூறைவிடுகிற ஊர்க்காரன் நான். நெருஞ்சிக்குத் திருவிழா என்றால் சிரிக்க மாட்டேன். கண்மாய்க் கரையில் பூத்திருக்கும்போதே, காய் பிடிப்பதற்குள் வேரோடு பிடுங்கிவிட்டால் அடுத்த வருஷத்துப் பஞ்சர் பாதி குறையும். வர யாராவது தயார் என்றால் எனக்கு எழுதுங்கள், மண்வெட்டி என்னிடம் இரண்டு இருக்கிறது.

கடைசிப் பத்திக்குத் தாவியவர்களுக்கு: கடையில் இரண்டு டியூபுக்கும் ஒட்டுப் போட்டார்கள். திங்கட்கிழமை பின் சக்கரம் மறுபடி இறங்கியது. பையன் தானே புது டியூப் மாட்டினான். டீக்கடை வரை போனான், அதுவும் இறங்கியது. வெளியே பிடுங்கும்போது ஒடிந்த ஒரு முள்முனை டயருக்குள்ளேயே தங்கியிருந்தது. டியூப் மாட்டுமுன் டயரின் உள்பக்கத்தைச் சுற்றிலும் ஒரு பஞ்சால் தடவுங்கள். முனை இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். விரலால் தடவ வேண்டாம். என் வலது ஆள்காட்டி விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, இந்த வாரப் பத்தி இடது கையால் எழுதியது.