அடுப்படிக்கும் ஷிப்டு உண்டு

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. 1880-களில் வெள்ளைக்காரக் கம்பெனி வேரூன்றச் செய்த தொழில், சுமார் 800 டன் தங்கத்தைத் தந்துவிட்டு ஓய்ந்தது. தங்கம் தீர்ந்த கதையை எல்லோரும் பேசுகிறார்கள். தொழிலாளியின் வீட்டுக்குள் என்ன ஆயிற்று என்று கேட்பவர் குறைவு.

அங்கே பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். குழியின் ஆழமோ மூன்று கிலோமீட்டருக்கும் மேல். காலையில் இறங்கியவன் மாலையில் ஏறி வந்தால்தான் நிச்சயம். ஆகவே, இறங்குகிறவன் சம்பாதிப்பான், வீட்டில் இருப்பவள் ஆக்கிப் போடுவாள் என்பது எழுதாத சட்டம். எழுதிய சட்டமும் அதற்குத் துணை நின்றது. பெண்கள் நிலத்துக்கு அடியில் வேலை செய்வதை 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் தடுத்தது. 2019-இல் அந்தத் தடை தளர்ந்தபோது, தங்க வயலில் இறங்குவதற்குக் குழியே இல்லை!

சம்பளம் அவன் பேரில் வந்தது. கம்பெனி வீடும் அவன் வேலையை ஒட்டியே கிடைத்தது. எனவே வீட்டில் அவன் சொன்னதே முடிவு. சுரங்கம் மூடியதும் அந்த ஏற்பாடு நிலைகுலைந்தது.

இன்று, பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் ஆண்களோடு பெண்களும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குப் போகிறார்கள். தையல் ஆலை, கடை, அலுவலகம் என்று உழைத்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறார்கள். குடும்பத்தின் அரிசியும் பிள்ளைகளின் படிப்பும் அவர்களுடைய கூலியையும் நம்பி நிற்கின்றன.

கூலி வந்துவிட்டால் சமத்துவமும் கூடவே வந்துவிடுமா? ரயிலிறங்கி வருகிறவளை எதிர்பார்த்து அடுப்பு அணைந்து கிடந்தால், அவளுக்குக் கிடைத்தது விடுதலையல்ல, இரண்டாவது வேலை.

ஆணின் வேதனையும் சிறியதல்ல. சுரங்கத் தொழிலாளி என்ற பெயரே அவனுக்கு மரியாதையாக இருந்தது. அது போன பிறகு, மனைவியிடம் செலவுக்குக் கை நீட்டும்போது மனம் குன்றுகிறது. அந்தக் குன்றல் சிலரிடம் கோபமாகிறது. சிலரை மதுக்கடைக்கு இழுக்கிறது. அடி வாங்குபவள் பெண்தான்.

சுரங்கத்தை மூடும் சர்க்கார், பதிவேட்டில் உள்ள பெயருக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. மனைவிக்கும் தொழிற்பயிற்சி, குழந்தைகளுக்குக் காப்பகம், உள்ளூரிலேயே பிழைப்பு ஆகியவையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மீதிக் கணக்கு வீட்டுக்குள்ளே தீர வேண்டியது. பாதாளத்தில் ஷிப்டு மாறி மாறி உழைத்த கைகளுக்கு, அடுப்படியில் ஷிப்டு மாறுவது பெரிய வித்தையல்லவே!