பொறி வராத டிராக்டர்

சென்ற ஐப்பசி மழையின்போது நமது அங்கத்தினர் ஒருவருடைய பழைய பெர்குஸன் பெட்ரோல் டிராக்டர் உழவின் நடுவே நின்றுவிட்டது. பட்டறையில் காயிலை மாற்றினார்கள், பிளக்குகளை மாற்றினார்கள், வயர்களையும் மாற்றினார்கள். பணம் சென்றதே தவிர வண்டி நகரவில்லை. பிறகு முதிய டிரைவர் ஒருவர் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே கோத்திருந்த ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்தார். எஞ்சின் உடனே ஓடிற்று.

இதற்காகப் பட்டறைக்காரரை நாம் பழிக்கவில்லை. பெர்குஸன் டி.ஈ.20 வகை இங்கிலாந்தின் கவென்டிரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்டது. நம் நாட்டில் 1959-60க்குப் பின் டிராக்டர் தொழில் வளர்ந்தது டீசலைக் கொண்டே. டீசல் எஞ்சினில் பொறி பிளக் இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே, டீசலில் கைதேர்ந்த இளைஞர்களுக்குப் பொறியின் வழி புலப்படாதது வியப்பன்று.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. அறுந்த முனையைத் தேடுகிறார். இங்கும் அவ்வாறே செய்தல் வேண்டும். பெட்ரோல் சிந்தியிராத இடத்தில், கழற்றிய பிளக்கை அதன் வயருடன் எஞ்சினின் இரும்பில் படியவைத்துச் சுழற்றிப் பார்க்கவேண்டும். வெறுங்கையால் பிடித்தலாகாது. நீலப்பொறி தெறித்தால் குறை பெரும்பாலும் பெட்ரோல் வழியில் இருக்கும். பொறியே இல்லையெனில், காயிலின் நடுவயரை மூடியிலிருந்து பிடுங்கி, காப்பிட்ட குறட்டால் இரும்பின் அருகே பிடித்துச் சோதிக்கலாம். அங்கே பொறி வந்தால் மூடி, ரோட்டர், பிளக் வயர்கள் இவற்றில் குற்றம். வராவிடில் பாயிண்ட், கண்டென்சர், காயில், அவற்றுக்கு வரும் மின்சாரம் இவற்றில் ஒன்று.

இவற்றுள் பாயிண்டையே முதலில் பார்க்கவேண்டும் என்பது நமது கருத்து. கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அதன் முகம் மங்கி மின்சாரத்தைத் தடுக்கும். நயமான உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான காகிதத்தை இடையில் இழுத்தெடுத்தால் போதும். தேய்த்த சில நாட்களிலேயே மீண்டும் கருகினால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். வயர்களைக் கழற்றுமுன் அடையாளமிடுதல் நலம். இவ்வெஞ்சினில் 1, 3, 4, 2 என்ற வரிசை தவறினால் வெடிச்சத்தந்தான் கேட்கும்! எலி கடித்த வயரையும் மறத்தலாகாது.

பழைய வண்டிகள் சிலவே. அவற்றுக்கு இவ்வளவு பாடு ஏன் என்று அன்பர்கள் வினவலாம். கீழ்பவானிப் பாசனத்து வயல்களிலும் மல்லிகைத் தோட்டங்களிலும் இன்று களையெடுப்பதும் மருந்தடிப்பதும் சிறு பெட்ரோல் எஞ்சின்களே. அவற்றுள் பலவற்றில் பாயிண்ட் இல்லை. எனினும் பிளக்கும் பொறியும் உண்டு. சங்கம் ஒரு இடைவெளி அளவுகோலும் மின்சோதனைக் கருவியும் வாங்கிவைத்து, ஊருக்கு இருவரை அம்முதிய டிரைவரிடம் பத்து நாள் அனுப்பவேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம்.