வெளக்க எறக்கிப் பாத்தியா?



ஆண்டு மலர் என்றால் கவிதை எழுத ஆள் இருக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுதவும் ஆள் இருக்கிறது. நான் ஒரு மீன் தொட்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இருபத்து மூன்று மீன்களைக் கொன்றவன் நான். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

என் ஊர் சேத்தூர். அப்பா மில்லில் ஷிப்ட் வேலை. தாத்தா கிணறு வெட்டிய கூலிக்காரர், கைநாட்டு. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் ஃபேன் சுற்றாவிட்டாலும், மோட்டார் இழுக்காவிட்டாலும், "அந்தப் பாலிடெக்னிக் பையனக் கூப்பிடு" என்பார்கள். நமக்கும் அதில் ஒரு பெருமை. இல்லையா?

நடந்தது என்ன?

போன ஆயுத பூஜை லீவு. ராஜபாளையத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா கூப்பிட்டு அனுப்பினார். தொட்டிக்குள் தோட்டம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. ஜப்பான்காரர் தகாஷி அமானோ உலகத்துக்குக் காட்டிய பாணி அது. தண்ணீருக்குள் ஒரு சின்னக் காடு. சென்னை கொளத்தூரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி. ஒரு பழைய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும், வெல்டிங் பட்டறையில் கழித்துப் போட்ட ரெகுலேட்டரும் எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார்.

"மாப்ளே, நீதான் இதுக்குன்னே படிக்கிறியே... மாட்டிக் குடுடா."

மாட்டினேன். செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன், அவ்வளவுதான். ஏர் பம்புக்குப் போடும் பிளாஸ்டிக் திருகைச் செருகினேன். குமிழி வந்தது. "சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஊர் வந்துவிட்டேன். இரவு முழுக்க வாயு ஓடியது. காலையில் இருபத்து மூன்று மீன்களும் மிதந்தன.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி விடு, மீனு செத்துப் போச்சு" என்றார். தாத்தாதான் விடவில்லை. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அந்தக் காத்து எவ்வளவு போச்சுன்னு பாத்தியாடா?" என்றார். இல்லை என்றேன். "கெணத்துல எறங்குறவன் மொதல்ல வெளக்கத்தான எறக்குவான்? நீ வெளக்க எறக்கிப் பாத்தியா?"

பழங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்களாம். அணைந்தால் இறங்க மாட்டார்கள். கீழே தங்கிக் கிடப்பது பெரும்பாலும் நம்முடைய இதே கார்பன் டை ஆக்சைடுதான்! காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். (எரியும் வாயு இருக்கும் இடத்தில் விளக்கே எமன், இன்றைக்கு வாயுவை அளக்கக் கருவி இருக்கிறது. அது வேறு விஷயம்.) கைநாட்டுத் தாத்தா அளந்து பார்த்து இறங்கினார். டிப்ளமோ படிக்கும் பேரன் அளக்காமல் திறந்துவிட்டான். யார் படித்தவர்?

கோலி சோடாவும் மீன் தொட்டியும்

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கோலி சோடா குடித்திருக்கிறோம். அழுத்தம் இருக்கும்வரை வாயு தண்ணீருக்குள் அடங்கிக் கிடக்கும்; கோலியைத் தட்டினால் பொங்கிவிடும். அழுத்தத்துக்குத் தக்கபடி வாயு கரையும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி சொன்ன விதி இதுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

செடி வளர வெளிச்சம், சத்து, கார்பன் மூன்றும் வேண்டும். சும்மா காற்றுப்படும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் கார்பன் டை ஆக்சைடு கரையும். செடித்தொட்டிக்காரர்கள் அதை 20 முதல் 30 மில்லிகிராம் வரை ஏற்றுகிறார்கள். மாமா தொட்டி முழுக்க நிரம்பினால் சுமார் 127 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 மில்லிகிராம் வீதம் மொத்தம் நாலு கிராம்கூட இல்லை! ஒரு டீஸ்பூன் சர்க்கரை எடைதான். அது எல்லை மீறிக் கூடிப்போனால், தன் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயுவை மீன் செவுள் வழியே வெளியே தள்ள முடியாது. தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மூச்சுத் திணறும். ராத்திரியில் செடியும் வாயுவை எடுக்காது. தன் பங்குக்கு வெளியேதான் விடும். நான் செய்த கொலையின் முழு விவரம் இதுதான்.

இந்தப் பக்கம் நாலு கிராம் கணக்கு. அந்தப் பக்கம் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமோ 25 டிகிரியில் சுமார் 64 பார்! மோட்டார் பைக் டயரில் 2 பார்தான். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்பதே கிடையாது; அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் 31 டிகிரி எந்த மூலை? அதனால்தான் சிலிண்டரை முழுக்க நிரப்பாமல் எடைக் கணக்கில் நிரப்புகிறார்கள். அதனால்தான் வெயிலில் வைக்காதே, நிமிர்த்தி வைத்துச் சங்கிலி போடு என்கிறார்கள்.

மாமாவின் சிலிண்டர் ஐந்து கிலோ வாயு பிடிக்கும். அது முழுக்கக் கசிந்தால் ஏறக்குறைய 2,700 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள மூடிய கடையில் காற்றில் பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாக வந்துவிடும். மனிதன் சில நிமிடத்தில் மயங்கிவிழ அது போதும். சரக்கு வரும் நாட்களில் மாமா ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே படுத்துக்கொள்வார். அன்றைக்குப் படுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

கதை அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1986 ஆகஸ்ட் 21-ஆம் தேதி, ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டு நியோஸ் ஏரியின் அடியில் கரைந்து கிடந்த இதே வாயு திடீரென்று பொங்கி, பள்ளத்தாக்கு வழியே ஊருக்குள் இறங்கியது. சுமார் 1,700 பேர் இறந்து போனார்கள். ஒரு ஏரியே கோலி சோடா போலப் பொங்கியது, நண்பர்களே!

சரியாகச் செய்வது எப்படி?

பிறகு இரண்டு மாதம் படித்து, மாமாவின் அனுமதியோடு மறுபடி மாட்டினேன். பழைய சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியையும் காலி எடையையும் படித்துப் பார்த்து, உரிமம் உள்ள இடத்தில் வேறு வாங்கினோம். வெல்டிங் ரெகுலேட்டர் நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் விடுவதற்கானது. நமக்கு வேண்டியதோ வினாடிக்கு ஒன்றிரண்டு குமிழி. எனவே நல்ல ரெகுலேட்டர், அதன்பின் சோலினாய்டு வால்வு, நீடில் வால்வு, குமிழி எண்ணும் குப்பி, தண்ணீர் திரும்பி ஏறாமல் நான்-ரிட்டர்ன் வால்வு, கடைசியில் தொட்டிக்குள் டிஃப்யூசர். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வாயு திறக்கும். விளக்கு அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடும். அதை டைமர் பார்த்துக்கொள்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிராப் செக்கர் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள நீரும் புரோமோதைமால் நீலமும். நீலமாக இருந்தால் வாயு குறைவு; பச்சை என்றால் சரி; மஞ்சள் என்றால் ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். எனவே திருகை ஒரு சிட்டிகை திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் தாத்தாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கிட்டக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதான் உன் வெளக்கா?"

அதேதான் தாத்தா.

என் கருத்து

"மீன் தொட்டிக்கு இவ்வளவா? இது காசுள்ளவன் விளையாட்டு" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். வாயுவே இல்லாமல் வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் நன்றாக வளரும். நம்ம கண்மாய்க்கு யார் சிலிண்டர் மாட்டினார்கள்? அளக்க வசதி இல்லையென்றால் மாட்டாமல் இருப்பதே அறிவு. ஆனால் மாட்டினால் அளந்து மாட்ட வேண்டும். பாதி வேலை கிடையாது.

நான் சொல்ல வந்தது மீனைப் பற்றி மட்டுமல்ல. பிரஷர் கேஜ் சோதனைக்கு நான் எழுதிய ரீடிங் எங்கிருந்து வந்தது தெரியுமா? சீனியர் ரெக்கார்டிலிருந்து! என்னைப்போல எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆயுத பூஜைக்குக் கேஜுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. நாளைக்கு நம்மில் பலர் மில் கம்ப்ரசர் அறையிலும் பாய்லர் பக்கத்திலும் நிற்கப்போகிறோம். 2012-இல் முதலிப்பட்டியையும் 2021-இல் அச்சங்குளத்தையும் பார்த்த மாவட்டம் இது. வேலைத்தலப் பாதுகாப்பு நமக்கு வெறும் புத்தகப் பாடமா?

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தில் ஒரு செடித்தொட்டி வைப்போம். ஸ்டாண்டின் பாரக் கணக்கைச் சிவில் நண்பர்கள் போடட்டும். டைமரையும் சோலினாய்டையும் எலக்ட்ரிகல் நண்பர்கள் பார்க்கட்டும். ரெகுலேட்டர் எங்கள் மெக்கானிகல் பொறுப்பு. பக்கத்தில் ஒரு நோட்டு. தினமும் ஒருவர் நிறம், குமிழி, சிலிண்டர் எடை மூன்றையும் தன் கண்ணால் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டில் காப்பியடிக்க முடியாது; அடித்தால் மீன் காட்டிக் கொடுத்துவிடும்!

"அவன் படிச்ச புள்ள, அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று நம்மை நம்பும் வீடுகளிலிருந்து வந்திருக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் மரியாதை ஒன்றுதான். திறப்பதற்கு முன் அளப்போம்!



- இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை, சேத்தூர்