வளவுக்குள்ளே கருப்பொருள்

வைகாசி பிறந்தால் திருகோணமலையிலே கச்சான் வீசத் தொடங்கிவிடும். மலைநாட்டில் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, வறுங்காற்றாய் நம் பக்கம் இறங்குவது அது. கொட்டியாரக்குடா நீலமாய் விரிந்து கிடக்க, கரையோர வளவுகளில் மண் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரியே நமக்குப் பெருமழை. நிலத்தால் நாம் நெய்தல் மாக்கள். ஆயினும் ஆவணி வரையில் பாலை வந்து நம் முற்றத்திற் குடியிருக்கும்.

இக்கோடையிலும் கிணற்றை நம்பிக் கத்தரியும் வெண்டியும் பயற்றையும் பாகலும் வைப்பவர் நம்மவர். காலையும் மாலையும் நீர் வார்த்து, பாத்தியிலே சருகு பரப்பி ஈரம் காப்பர். நகரத்துள் உலவும் புள்ளிமான்களுக்கு அஞ்சி வேலியை உயர்த்த வேண்டியிருப்பது நம்மூர்க்கே உரிய தனித் தொல்லை. கோட்டைக்குள் அவை கண்ணுக்கு அழகு. பயற்றங்கொடியருகே அவ்வளவு அழகில்லை.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்றே அரசாங்க ஊழியர் பலருக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அப்போது விதையைப் பற்றிப் பேசினோம். பசளையைப் பற்றி வாதிட்டோம். நீர் வார்த்த பாத்திகளுக்கு அழையாமலே வந்து சேர்ந்த விருந்தினரைப் பற்றி அதிகம் பேசினோமில்லை. வேனிலில் ஈரம் உள்ள இடத்திலே புழு உண்டு. புழு உள்ள இடத்திலே புள் உண்டு.

சருகைப் புரட்டிப் புரட்டி, ஓயாது சலசலத்துக்கொண்டு கூட்டமாய் வருவது புலுனி. தமிழகத்தார் அதனைத் தவிட்டுக்குருவி என்பர். வேலியோரம் தயங்கித் தயங்கி நடந்து நத்தை தேடுவது செண்பகம். ஏட்டுத் தமிழிலே அது செம்போத்து. வேலிக் கம்பத்தின் உச்சியிலிருந்து பாய்ந்து பூச்சியைக் கவ்வும் கரிக்குருவியோ புராணத்திலேயே இடம்பெற்றது. காகங்களால் நலிந்த கரிக்குருவிக்குச் சோமசுந்தரக் கடவுள் உபதேசம் செய்து, வலியான் என்னும் பெயரும் அருளியதைத் திருவிளையாடற் புராணம் கூறும். இன்று வளவிலே நின்று பார்ப்பவர், தன்னினும் பெரிய காகத்தையும் பருந்தையும் அது துரத்தி அடிப்பதைக் காணலாம். பரஞ்சோதி முனிவர் பாடிய கதைக்குப் பின்னே, இப்பறவையை உற்று நோக்கிய கண்கள் பல இருந்திருத்தல் வேண்டும்.

வகுப்பிலே ஒரு மாணவனிடம் பாலைக்குரிய புள் யாது என்று வினவினேன். “புறா, பருந்து, எருவை, கழுகு” என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தான். மதிலில் இருந்த மணிப்புறாவைக் காட்டி, அது யாது என்றேன். “ஏதோ ஒரு குருவி, ஐயா” என்றான். குற்றம் அவனுடையதன்று. வினாத்தாள் பெயரைக் கேட்கிறது, புள்ளைக் கேட்பதில்லை. தீவொன்றுக்கே புறாவின் பெயரை இட்டு வழங்கும் மாவட்டம் இது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பெயர்கள் அகராதியில் மட்டும் வாழ்வனவல்ல. கிணற்றடியிலே அம்மம்மா சொல்ல, பேரப்பிள்ளை கேட்டு வளர்வன அவை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலும், 2004 மார்கழி ஆழிப்பேரலையிலும் வளவை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. வளவு கைவிடப்பட்டபோது அந்தப் பேச்சும் அறுந்தது. வேலியை மீண்டும் அடைக்கலாம், உவர்த்த கிணற்றையும் இறைத்துத் திருத்தலாம். சொல்லிக்கொடுப்பார் இன்றி மறைந்த பெயரை எங்கே தேடுவது?

பீரங்கிப்படை அதிகாரியாய் இலங்கைக்கு வந்த லெக் என்பார் 1880 இல் வெளியிட்ட பெருநூலிலும், ஹென்றி என்பார் 1955 இல் வெளியிட்ட கைந்நூலிலும் நம் பறவைகளின் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்திலே பதிவாகியுள்ளன. தமிழகத்திலே மா. கிருஷ்ணன் (1912–1996) பறவைகளைப் பற்றித் தமிழிலேயே இனிது எழுதினார். அந்நியர் காதுகொடுத்துக் கேட்டதை நம் பண்டிதர் உலகம் கேளாதிருத்தல் தகாது. பாமரர் வாய்ச்சொல் என்று ஒதுக்குவோரும் நம்மிடையே உளர். ஆறுமணிக்குருவி என்ற பெயரைப் பாருங்கள்! காலையும் மாலையும் ஆறு மணியளவிலே கூவுவதால் வந்த பெயர். மணிக்கூடு வந்த பின்னரே பிறந்திருக்கக்கூடியது. எந்த நிகண்டும் பார்த்து இடப்பட்ட பெயரன்று அது.

ஆதலின் தமிழாசிரியரிடம் கேட்பது இவ்வளவே. வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் வளவின் நிழலிலே மண்சட்டியொன்றில் நீர் வைக்கட்டும். வந்த புள், வந்த நாள், அது தின்றது, வீட்டு மூத்தோர் அதற்குச் சொன்ன பெயர் ஆகியவற்றை ஓர் ஏட்டிலே குறிக்கட்டும். கிண்ணியாவில் ஒரு பெயரும் தம்பலகாமத்தில் வேறொரு பெயரும் கிடைத்தால் இரண்டையும் எழுதுக. அகராதி பார்த்து ஒன்றை அடிக்க வேண்டா. ஆறுமணிக்குருவி மட்டும் இக்கோடையில் அகப்படாது. வடக்கேயிருந்து மாரியோடு வந்து, பங்குனி சித்திரையில் மீள்வது அது. அதற்கென ஒரு பக்கத்தை ஐப்பசி வரை வெறுமையாய் விட்டுவைக்கலாம்.