இணையத்துணையின் எல்லை

வாழவே பிடிக்கவில்லை என்று நள்ளிரவில் ஒருவர் கைப்பேசிக் குழுவொன்றில் எழுதுகிறார். சில நிமிடங்களில் ஆறுதல் மொழிகள் வந்து குவிகின்றன. அவற்றை எழுதுவோரின் நல்லெண்ணத்தை நாங்கள் ஐயுறவில்லை. மனநோயிலிருந்து மீண்டவர்களின் சொல் பிறருக்குத் தரும் தெம்பையும் நாங்கள் கண்டிருக்கிறோம். ஆயினும், உயிர் ஊசலாடும் வேளையில் அந்தத் துணை மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து.

திரைக்கு அப்பால் இருப்பவருக்கு நோயாளியின் முகம் தெரியாது. அவர் தனித்திருக்கிறாரா, அருகில் என்ன இருக்கிறது, என்ன மருந்து உட்கொள்கிறார் என்பனவும் தெரியா. ஆபத்து முற்றினால் ஓடிவரவும் இயலாது. அவர் உறங்கிப்போனால் உரையாடல் அறுந்துவிடும்; மறுமொழிக்குக் காத்திருப்பவரோ தாம் கைவிடப்பட்டதாகவே எண்ணுவார். ‘மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள், எனக்கு அப்படித்தான் குணமாயிற்று’ என்னும் அறிவுரை இன்னும் தீங்கானது. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், உறக்கமின்மை, பதற்றம் ஆகியன தோன்றக்கூடும், நோயும் திரும்பக்கூடும்.

மருத்துவமனைக்கு வரக் குடும்பத்தினர் தயங்குவதற்குக் காவல்துறை வழக்கு குறித்த அச்சமும் ஒரு காரணம். தற்கொலைக்கு முயன்றவர், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்படுவார். அவரைத் தண்டிக்கலாகாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அச்சட்டம் அரசின் கடமையாக்கியுள்ளது.

எனவே, உங்கள் வீட்டில் இத்தகைய சொற்களைக் கேட்டால், ‘உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?’ என்று நேரடியாகவே வினவுங்கள். வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. இடைமறிக்காமல் செவிமடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிக்கொல்லி போன்றவற்றை அவர் கைக்கு எட்டாதவாறு அகற்றுங்கள். டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண் 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது; தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்தெனில் 108ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

தொலைவிலிருந்து அத்தகைய செய்தியைக் காண நேர்ந்தால், அவர் இருக்குமிடத்தையும் அருகிலுள்ள உறவினர் ஒருவரின் எண்ணையும் கேட்டறிந்து, அந்த உறவினரை உடனே அவரிடம் சேர்ப்பியுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அதுவே.